‘செட்’ என்றால் எந்தச் செட்? களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வட்டாரத்தில் ஆங்கிலம் படிக்கிறவர்கள், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிக் கடிதம் எழுதுகிறவர்கள், கோர்ட் காகிதத்தோடு வந்து நிற்கிறவர்கள், கேரளத்துப் பாறசாலை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரையும் தடுக்கி விடுவது மூன்றே எழுத்துள்ள ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் உள்ள சொல் இதுதானா?

நெடுங்காலம் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். அவற்றை விளக்கவே ஏறக்குறைய 60,000 சொற்கள் பிடித்தன. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும் வேலை நடந்தபோது ‘ரன்’ 645 பொருளோடு முந்திவிட்டது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அன்றாடம் நமக்கு வேண்டியவை அதில் சிறு பங்குதான். அவையும் தாறுமாறாகக் கிடப்பவை அல்ல.

இத்தனை பொருளுக்கும் பொதுவாக ஒரு வேர் உண்டா?

ஒன்றல்ல, இரண்டு. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் ‘செட்டான்’ என்பதிலிருந்து வந்தது. ‘சிட்’ என்றால் உட்கார்; ‘செட்’ என்றால் உட்கார வை. தமிழில் இரு – இருத்து, படு – படுத்து, நட – நடத்து என்று நாம் செய்வதையே அவர்கள் உயிரெழுத்தை மாற்றிச் செய்திருக்கிறார்கள். ஆகவே வினையாக வரும் ‘செட்’டின் அடியில் எப்போதும் ‘இருத்து’ இருக்கிறது. கல்லை மோதிரத்தில் இருத்துவது, எலும்பை அதன் இடத்தில் இருத்துவது, கடிகாரத்தின் முள்ளை ஆறு மணியில் இருத்துவது, தேதியை ஒரு நாளில் இருத்துவது எல்லாம் ஒரே செயல்தான். சிமென்ட் இறுகுவதும் சூரியன் அடைவதும்கூடத் தானாக ஓரிடத்தில் போய் இருந்துவிடுவதுதான்.

பெயர்ச்சொல்லின் கதை வேறு. ஆறு கிளாஸ் ஒரு செட், கூட்டாளிகளின் செட் என்கிறோமே, அது லத்தீனின் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றிச் செல்கிற கூட்டம் என்பது அதன் பழைய பொருள். உச்சரிப்பு ஒன்றாகிவிட்டதால் இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ‘இருத்தினதா, சேர்ந்ததா’ என்று முதலில் கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் பொருளை எப்படிப் பிடிப்பது?

அகராதியைத் திறப்பதற்கு முன் வாக்கியத்தைப் பாருங்கள். முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்து, பின்னால் ‘ஆஃப்’ வந்தால் அது பெரும்பாலும் தொகுதி: எ செட் ஆஃப் கீஸ், ஒரு கொத்துச் சாவி. வினையென்றால், எதை என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். விடை இருந்தால் ஒருவர் எதையோ இருத்துகிறார். விடை இல்லாமல், எழுவாய் சூரியனோ சிமென்டோ தயிரோ என்றால், அது தானாக அடைகிறது, இறுகுகிறது, உறைகிறது. அடுத்து, சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், இன், அசைட், அவுட், பேக் போன்ற சிறு சொல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒட்டியிருந்தால் இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்து அகராதியில் தேடுங்கள். தனித்தனியாகத் தேடினால் வழி தவறும். கடைசியாக, காகிதம் எந்தத் தொழிலைச் சேர்ந்தது என்று பாருங்கள். கொத்தனாருக்கும் வக்கீலுக்கும் மாலுமிக்கும் அதே சொல் வேறு வேறு வேலை செய்கிறது.

மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ‘அமை’ என்று போட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. ‘சூரியன் அமைந்தது’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் ‘வலி அமைந்தது’, ‘தீர்ப்பு அமைத்து வைக்கப்பட்டது’ என்று எழுதப்பட்ட காகிதங்கள் உண்டு.

இறந்தகாலத்தில் ‘செட்டட்’ என்று எழுதலாமா?

கூடாது. கட், புட், ஹிட், ஷட், லெட் போல இதுவும் மூன்று காலத்திலும் மாறாது. ‘ஹி செட்ஸ்’ என்றால் வைக்கிறான். ‘ஹி செட்’ என்றால் வைத்தான். அந்தக் கடைசி ‘ஸ்’ இருக்கிறதா என்பதுதான் ஒரே அடையாளம்.

கான்கிரீட் ‘செட் ஆகிவிட்டது’ என்றால் மேலே பாரம் ஏற்றலாமா?

ஏற்றக் கூடாது. பணத்தையும் சில நேரம் உயிரையும் வாங்கும் குழப்பம் இது. ஆங்கிலத்தில் ‘செட்டிங்’ வேறு, ‘ஹார்டனிங்’ வேறு. முதலாவது இளகிய குழம்பு தன் வடிவத்தில் நின்றுவிடுவது. இரண்டாவது அது வலுப் பெறுவது. தமிழில் முதலாவதை இறுகுதல், இரண்டாவதைக் கெட்டிப்படுதல் என்று பிரித்து எழுதினால் நல்லது.

இந்தியத் தர நிர்ணயப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டும் தண்ணீர் சேர்த்த 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். இது ஆய்வுக்கூடத்தில் வெறும் சிமென்ட் குழம்பை வைத்துப் பார்க்கும் அளவு. மணலும் ஜல்லியும் சேர்ந்த கலவை வெயிலில் வேகமாகவும் மழைக் குளிரில் மெதுவாகவும் இறுகும். வலு அதற்குப் பிறகு நாள்கணக்கில் ஏறுகிறது. கான்கிரீட்டின் தரத்தை 28ஆம் நாள் வலிமையை வைத்துக் குறிப்பது அதனால்தான். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் நனைக்க வேண்டும்.

இறுகத் தொடங்கிய சாந்தில் தண்ணீர் விட்டு மறுபடி குழைப்பது பெரிய தவறு. உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பிணைப்பை உடைத்து, நீரையும் கூட்டிவிடுகிறீர்கள். பூச்சு காய்ந்ததும் உதிரும். அவ்வப்போது தேவைப்படும் அளவே கலக்குங்கள். ஆனால் கலந்த சில நிமிடத்திலேயே விறைத்து, தண்ணீர் விடாமல் கிளறியதும் பழையபடி இளகினால், அது ‘ஃபால்ஸ் செட்’, அதாவது பொய் இறுக்கம். சிமென்ட் அரைக்கும்போது சூட்டில் ஜிப்சம் நீரிழந்ததால் வருவது. கிளறினால் போதும், தண்ணீர் வேண்டாம்.

வெளிநாட்டு வாங்குபவர் ‘செட் ஹனி’ கேட்கிறார். பல பூத்தேனைக் கலந்து கேட்கிறாரா?

இல்லை. அது உறைந்த தேன். குளூக்கோஸ் மணிமணியாகப் படிந்து கெட்டியானது. ஓடுகிற தேனை ‘ரன்னி ஹனி’ என்பார்கள். நம்மூரில் தேன் உறைந்துவிட்டால் ‘சீனிப்பாகு கலந்துவிட்டான்’ என்று சண்டைக்கு வருகிறார்கள். நல்ல தேனும் உறையும். மார்த்தாண்டம் பக்கம் மிகுதியாகக் கிடைக்கும் ரப்பர்த் தேனுக்கு அந்த இயல்பு உண்டு. அது பூவிலிருந்துகூட வருவதில்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்புநீரைத் தேனீ எடுக்கிறது.

சுமார் 14 டிகிரி செல்சியசில் தேன் விரைவாக உறையும். இளக்க வேண்டுமானால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துங்கள். 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், மணமும் நொதிகளும் கெடும். பாதி உறைந்து மேலே நீர்த்து நிற்கும் தேனில் கவனம் வேண்டும். மணிகளாகப் படிந்தது போக மிஞ்சிய பகுதியில் நீரின் பங்கு கூடிவிடுவதால் அது புளிக்கக்கூடும். வாங்குபவருக்கு எழுதும்போது ஈரப்பதம் எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

‘செட் கர்ட்’ என்பதும் இதே வழியில், கிண்ணத்திலேயே உறைய வைத்த கட்டித் தயிர்.

மரச்சீனி (மரவள்ளி) சாகுபடிக் குறிப்பில் ‘டி’ இரண்டு போட்டு ‘செட்’ என்று வருகிறதே, அச்சுப்பிழையா?

பிழையல்ல. நடுவதற்கு வெட்டிய தண்டுத்துண்டைத்தான் அப்படி எழுதுகிறார்கள். கரும்புக் கரணைக்கும் அதே சொல். நாம் சொல்வது மரச்சீனிக் கம்பு. நன்கு முற்றிய, நோயில்லாத செடியின் தண்டில், நுனியின் பச்சைப் பகுதியையும் அடியின் விறகு போன்ற பகுதியையும் ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்க வேண்டும். வெட்டு சிதறாமல் வழுவழுப்பாக இருக்கட்டும். கண்கள் மேல்நோக்கி இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராக ஊன்றுங்கள். கிளைக்கும் ரகத்துக்கு இடைவெளி 90க்கு 90 சென்டிமீட்டர், கிளைக்காததற்கு 75க்கு 75. தலைகீழாக ஊன்றினால் முளைப்பது தாமதமாகும். இலை சுருண்டு தேமல் விழுந்த செடியிலிருந்து கம்பு எடுத்தால் நோயும் கூடவே வரும். தேமல் நோய் பரவும் முக்கிய வழி இந்தக் கம்புதான்.

‘ஃப்ரூட் செட்’ என்று வந்தால் அது வேறு. பூ உதிராமல் பிஞ்சாக நிற்பது. ‘காய்பிடிப்பு’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டு ‘கனி அமைவு’ என்று எழுதுவானேன்?

எலும்பை ‘செட்’ பண்ணுவதும் கட்டுப்போடுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. முறிந்த முனைகளை நேர்படுத்தி இடத்தில் பொருத்துவது ‘செட்’. பிறகு அசையாமல் வைக்கப் பத்தையோ மாவுக்கட்டோ போடுவது அடுத்த வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இதையே ‘ரிடக்ஷன்’ என்று எழுதுவார்கள். முறிவு ‘குறைந்துவிட்டது’ என்று அதைப் படித்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே பொருள். ‘க்ளோஸ்ட்’ என்றிருந்தால் அறுக்காமல், ‘ஓப்பன்’ என்றிருந்தால் அறுவை செய்து.

ஆசாரி ரம்பத்துக்கு ‘செட்’ வைக்கச் சொல்கிறார். எதற்கு?

பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே சாய்ப்பது அது. அப்போது அறுப்பின் அகலம் தகட்டின் கனத்தைவிடக் கூடும். தகடு உரசாமல் ஓடும். சாய்வு போதாவிட்டால் ரம்பம் மரத்துக்குள் இறுகி நிற்கும், சூடேறும். அளவு மிஞ்சினால் மரம் வீணாகும், அறுப்பு அலையும். ஒரு பக்கம் மட்டும் கூடிவிட்டால் கோடு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பல்லின் மேல்பாதியை மட்டும் வளைக்க வேண்டும். அடியோடு வளைத்தால் பல் ஒடியும். ஈரமரத்துக்குச் சாய்வு கொஞ்சம் கூடுதல் வேண்டும்.

‘இந்தச் சட்டை எனக்குச் செட் ஆகலை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘செட்’டை விட்டுவிடுங்கள். ‘டஸ் நாட் சூட் மீ’ என்று சொல்லுங்கள். அளவு சரியில்லை என்றால் ‘டஸ் நாட் ஃபிட்’. ‘தி ஷர்ட் டிட் நாட் செட்’ என்றால் கேட்பவருக்குச் சட்டை தயிர்போல உறையவில்லை என்று படும். பொருந்துதல் என்ற பொருளை இந்தச் சொல்லுக்குக் கொடுத்தது நாம்தான். அதில் தவறில்லை, தமிழுக்குள் வந்த சொல் தமிழ்ச்சொல்லாக வளர்ந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் ‘எல்லாம் செட்டாணு’ என்றால் எல்லாம் தயார், ஏற்பாடு முடிந்தது என்று பொருள். பாறசாலைக்காரர் ‘செட்டாக்காம்’ என்றால் பொருத்தம் பார்க்கவில்லை, ஏற்பாடு செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்கிறார்.

மைக் செட்டும் இப்படித்தான். வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘சவுண்ட் சிஸ்டம்’ என்றால் புரியும். சீரியல் செட் ‘ஸ்ட்ரிங் லைட்ஸ்’. பல் செட் ‘டென்ச்சர்’. பம்ப் செட் மட்டும் அப்படியே நிற்கலாம். பம்பும் மோட்டாரும் சேர்ந்தது என்று இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது.

‘செட் முண்டு’ கேட்டால் ‘செட் சாரி’ வருகிறது. வித்தியாசம் என்ன?

செட் முண்டு என்பது இரண்டு துண்டு: இடுப்பில் உடுக்கும் முண்டு, மேலே போடும் நேரியது. குமரியில் நேரியல் என்கிறோமே, அதே சொல்தான். இரண்டுக்கும் கரை ஒத்திருப்பதால் ‘செட்’. செட் சாரி அதே தோற்றம் வரும்படி நெய்த ஒரே நீளப் புடவை. ஆர்டர் கொடுக்கும்போது ‘இரண்டு துண்டா, ஒரே நீளமா’ என்று கேட்டுவிடுங்கள். படத்தைப் பார்த்தால் தெரியாது. கரை கசவா (சரிகையா) நூலா என்பதையும் கேளுங்கள், விலை அதில்தான் மாறுகிறது. நமக்குப் பக்கத்து நெசவூர் பாலராமபுரம். திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளியின் வேட்டிக்கும் செட் முண்டுக்கும் அந்தப் பெயரிலேயே புவிசார் குறியீடு இருக்கிறது.

கோர்ட் காகிதத்தில் ‘செட் அசைட்’ என்றால் ஒதுக்கி வைத்தார்களா?

ரத்து செய்தார்கள் என்று பொருள். வீட்டில் ‘பணத்தை செட் அசைட் பண்ணு’ என்றால் எடுத்து ஒதுக்கி வை. நீதிமன்றத்தில் அதே சொல் உத்தரவையே இல்லாமல் ஆக்கும். நீங்கள் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வந்துவிட்டால், அதை ‘செட் அசைட்’ செய்யக் கோரும் மனு உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13இன்படி. காலவரம்பு தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால் தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து 30 நாள். ‘ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு எடுப்பார்கள்’ என்று நினைத்து அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். காகிதம் கையில் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

‘செட் ஆஃப்’ சட்டத்தில் எதிரீடு: உங்களுக்கு நான் தர வேண்டியதில், நீங்கள் எனக்குத் தர வேண்டியதைக் கழிப்பது. கிரிமினல் தீர்ப்பில் வந்தால், விசாரணையின்போது சிறையிலிருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது. சட்டத்துக்கு வெளியே அது பயணம் கிளம்புவது, வெடியைக் கொளுத்துவது, அலாரத்தை அலற வைப்பது.

‘மான்சூன் ஹாஸ் செட் இன்’ என்கிறார்களே, அங்கே ‘செட்’ என்ன செய்கிறது?

வந்து தங்கிவிட்டது என்கிறது. ‘செட் இன்’ என்றால் ஒன்று தொடங்கி, எளிதில் போகாமல் நிலைப்பது. அழுகல், சீழ், குளிர், விரக்தி போன்றவற்றுக்கே பெரும்பாலும் வரும். மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆனதாகச் சொல்வது அரிது. ஒரு நாள் மழைக்கு இது பொருந்தாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அதை அறிவிக்க, மே 10க்குப் பிறகு குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 விழுக்காட்டிலாவது அடுத்தடுத்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ கூடுதலோ மழை பதிவாக வேண்டும். காற்றும் மேகமும்கூடக் கணக்கில் வரும். திருவனந்தபுரமும் புனலூரும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘பருவமழை தொடங்கியது’ என்பது செய்திக்குப் போதும். ‘பிடித்துக்கொண்டது’ என்பது இன்னும் நெருங்கி வரும்.

கணக்குப் புத்தகத்தின் ‘செட்’டும் கடையின் ‘செட்’டும் ஒன்றா?

ஒரே வேர், வேறு விதி. கணக்கில் அது கணம். மலையாளப் பாடநூலிலும் கணம்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் தொடை. கணத்தில் ஒரே உறுப்பை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றுதான், வரிசையும் பொருட்டல்ல. கடையில் ஒரே மாதிரி ஆறு கிளாஸ் ஒரு செட். ஒன்று குறைந்தால் வாங்க மாட்டீர்கள்.

வாலிபாலில்?

25 புள்ளி, இரண்டு புள்ளி முன்னிலையோடு எடுத்தால் ஒரு செட். ஐந்தாவது செட் 15க்கு. அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதும் ‘செட்’, அதனால்தான் ‘செட்டர்’. பேட்மின்டனில் 21 புள்ளிச் சுற்றை நாம் செட் என்கிறோம். விதிப்புத்தகத்தில் அது ‘கேம்’.

‘செட் தேர்வு’ கேரளத்தில் எழுதினால் இங்கே கல்லூரி ஆசிரியராகச் சேரலாமா?

சேர முடியாது. இது சொல்லே அல்ல, மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கேரளத்தில் ‘செட்’ மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கானது. தமிழ்நாட்டில் ‘செட்’ கல்லூரி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கானது. பெயர் ஒன்று, படி வேறு. பணம் கட்டும் முன் எந்த மாநிலம், எந்தப் பணி என்று அறிவிக்கையில் பாருங்கள்.

‘செட் போட்டுத் தரப்படும்’ என்று விலைப்புள்ளியில் எழுதலாமா?

கொட்டகை என்றால் ‘ஷெட்’ என்று எழுதுங்கள், அல்லது கொட்டகை என்றே எழுதுங்கள். ‘ரப்பர் சீட் உலர்த்த செட்’ என்பதை ஒருவர் கொட்டகை என்றும் இன்னொருவர் சாதனத் தொகுதி என்றும் படிக்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு எது என்று வாதாடுவது கடினம்.

கடல் வரைபடக் குறிப்பில் ‘செட் கிழக்கு’ என்றால் நீரோட்டம் கிழக்கிலிருந்து வருகிறதா?

கிழக்கு நோக்கிப் போகிறது. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இது. காற்றுக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர். நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எங்கே போகிறதோ அந்தத் திசையின் பெயர். கிழக்குக் காற்று உங்களை மேற்கே தள்ளும். ‘செட் கிழக்கு’ என்ற நீரோட்டம் கிழக்கே இழுக்கும். பக்கத்தில் ‘டிரிஃப்ட் 2 நாட்’ என்றிருந்தால் அதன் வேகம் மணிக்கு இரண்டு கடல்மைல். ஒரு மணி நேரம் எஞ்சினை நிறுத்திக் கிடந்தால், காற்றின் தள்ளலைச் சேர்க்காமலே, இரண்டு கடல்மைல் கிழக்கே போயிருப்பீர்கள்.